பஸ் கேட்டுப் போன இடத்தில் ஆள்கணக்கு கேட்டார்கள்

பதினான்கு மாத அலைச்சலுக்குப் பிறகு எங்கள் ஊருக்கு டவுன் பஸ் வந்துவிட்டது. காலையில் ஒரு நடை மட்டும்தான். ஒரே ஒரு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது உட்கடைக் கிராமம், அதாவது வருவாய்த் துறைக் கணக்கில் தனிக் கிராமமாக இல்லாமல் பக்கத்துத் தாய்க் கிராமத்தோடு சேர்ந்திருக்கும் சிற்றூர். தாய்க் கிராமத்தில் பஸ் நிற்கும், அங்கிருந்து 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எங்கள் பெண் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்போடு நின்றதற்கு இந்தத் தூரம்தான் காரணம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பஸ்ஸே வராத ஊருக்கு அதனால் என்ன பயன்?

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து 'மேற்படி கிராமத்துக்கு ஏற்கெனவே பேருந்து வசதி உள்ளது' என்று ஒரு வரியில் பதில் வந்தது, மனுவையும் முடித்துவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் எண்ணிக்கை, பஸ், பள்ளிக்கூடம் எல்லாமே வருவாய்க் கிராம வாரியாகத்தான் இருக்கிறது. தாய்க் கிராமத்தில் பஸ் நின்றால் எங்களுக்கும் பஸ் இருப்பதாகக் கணக்கு. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பும் 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது.

ஆகவே மனுவில் வருவாய்க் கிராமத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். உட்கடையின் பெயர், பஸ் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்த நேரத்துக்குப் பஸ் வேண்டும் என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

டெப்போவில் மக்கள்தொகைச் சான்றும் கிராம சபைத் தீர்மானமும் கேட்டார்கள். மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம், கைதட்டல் எல்லாம் பலமாக இருந்தது. நகலை எடுத்துக்கொண்டு போனால், அதில் ஊராட்சியின் பெயர்தான் இருக்கிறது, எங்கள் ஊர்ப் பெயரே இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15-ல்தான், மூன்றரை மாதம் வீணாகிப்போனது. தயவுசெய்து கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மானத்தை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

ஆள்கணக்கு இதைவிடப் பெரிய பாடு. வி.ஏ.ஓ.விடம் மொத்தக் கிராமத்துக்கான எண்தான் இருந்தது. தாலுகா ஆபீஸுக்குப் போன அன்று ஜமாபந்தி என்னும் வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை, அதிகாரியைப் பார்க்க முடியவில்லை. மறுபடி போனபோது, உட்கடைக்குத் தனிச் சான்று தர வழியில்லை என்று அங்கிருந்த கிளார்க் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். சோர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது வழிகாட்டியவர் எங்கள் அங்கன்வாடி அக்கா. "எதுக்குத் தம்பி அங்கெல்லாம் போய் நிக்கிறீங்க, வீடு வீடா எடுத்த குடும்பக் கணக்கு என்கிட்டயே இருக்கே" என்றார். கைக்குழந்தை வரைக்கும் அதில் இருந்தது, மொத்தம் 463 பேர். வாக்காளர் பட்டியலிலும் பாகத்துக்குள் ஊர், தெரு வாரியாகப் பிரித்திருப்பார்கள், அதையும் எண்ணிக்கொண்டு, ரேஷன் கடையில் கார்டு எண்ணிக்கையும் வாங்கினோம். மூன்றையும் ஒன்றாக இணைத்து, வி.ஏ.ஓ.விடம் ஒப்பம் வாங்கி வைத்த பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

அதிகாரிகள் சேர்ந்து வந்து பாதையைப் பார்த்த கூட்டாய்வில் பஸ் திரும்ப இடமில்லை என்றார்கள். ஊரே திரண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் சீமைக்கருவேலத்தை வெட்டி, பிள்ளையார் கோவில் முன்னால் இடம் ஒழுங்கு செய்தோம். அப்புறம் உத்தரவு வந்துவிட்டது.

டெப்போவில் மறுத்தால் மினி பஸ்ஸுக்கும் முயன்று பாருங்கள். 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை தடம் கேட்கலாம், ஆனால் அதில் 65 சதவீதமாவது பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும்.

முதல் நாள் காலை 7.40-க்குப் பதினோரு பெண் பிள்ளைகள் ஏறினார்கள். சாயங்காலம் இன்னும் நடந்துதான் திரும்புகிறார்கள், சாயங்கால பஸ்ஸுக்கு இப்போது மனு போட்டிருக்கிறோம். அதனால் ஊர்ப் பெண்களிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்: காசு இல்லைதானே என்று சும்மா உட்கார்ந்துவிடாமல் கண்டக்டரிடம் அந்தக் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், எத்தனை பேர் ஏறினோம் என்பதற்கு டெப்போவில் அந்தச் சீட்டுதான் கணக்கு.