செல்வமகள் செலான்

தபால் நிலையத்தில் இன்று ஒரு பெண் பேனா கேட்டார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. "உங்க பாப்பாவா?" என்றேன்.

"பேத்திங்க."

என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் கட்ட வந்திருந்தார். செலானில் பேத்தியின் பெயரை எழுதினார். உருண்டை உருண்டையாக, கோடு போட்ட நோட்டில் எழுதுவது போல, ஒவ்வோர் எழுத்தாக. பார்த்துக்கொண்டே நின்றேன்.

பத்தாவது அரையாண்டு லீவில் கல்யாணமாம். கையெழுத்து அந்த டிசம்பரிலேயே நின்றுவிட்டது.

மகளுக்கும் பதினேழில் முடித்துவிட்டார்கள். "நான் வேணாம்னுதான் சொன்னேன். யார் கேக்குறா?" பிரசவத்தில் ரத்தம் போதாமல் இரண்டு பாட்டில் ஏற்றினார்களாம். மகள் இன்னும் தேறவில்லை. அதனால்தான் குழந்தை இவரிடம்.

2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, சிறு வயதில் கட்டிவைக்கப்பட்ட பெண் இருபது வயது முடிவதற்குள் நீதிமன்றம் போனால் அந்தக் கல்யாணத்தையே ரத்து செய்யலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு முன்பே ஒரு போன் செய்தால் கல்யாணத்தையே நிறுத்தலாம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொன்னோம்? பத்திரிகை வாங்கிக்கொண்டு மொய் எழுதத்தானே போனோம். நானும் போயிருக்கிறேன்.

கிளம்பும்போது கேட்டார்: "அக்கா, பத்தாவது பாஸ் பண்ணா மேல படிக்க இதுல பாதிப் பணம் எடுக்கலாமாமே?"

"ஆமாம்மா, எடுக்கலாம்."

குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, விரல் விட்டு வருடங்களை எண்ண ஆரம்பித்தார்.