சின்னவனுக்கு ஒரு நாள் ஒப்பரேஷன்

ஜனவரி 28, செவ்வாய்

பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையில் தேதி கிடைத்துவிட்டது, பெப்ரவரி 13. காலையில் சேர்த்து, எல்லாம் சரியாக இருந்தால் மாலையிலேயே அனுப்பிவிடுவார்களாம். என் இளைய மகன் சின்னவனுக்கு வலது தொடை இடுக்கில் குடலிறக்கம். ஓடினாலும் இருமினாலும் புடைத்து வரும், படுத்தால் உள்ளே போய்விடும். பிறக்கும் காலத்தையொட்டி மூடவேண்டிய ஒரு சிறு வழி மூடாமல் நின்றுவிட்டதாம். தொப்புளில் வரும் இறக்கம் பல பிள்ளைகளுக்குத் தானாகவே மூடிவிடும், இது மூடாது. "புடைத்தது உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் தேதியைப் பார்க்க வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள்" என்றார் டாக்டர். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 8, சனி

சளி. இந்தப் பனிக்கு எங்கள் மலை ஊரான பொகவந்தலாவையில் மூக்கு ஒழுகாத பிள்ளையை எங்கே தேடுவது? நெஞ்சிலும் கரகரப்பு. போனில் சொன்னதும் தள்ளிவைத்துவிட்டார்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய் மயக்க மருந்தின்போது சட்டென்று இறுகிக்கொள்ளுமாம். சளி விட்ட பிறகும் சில வாரம் அந்தக் குணம் இருக்குமாம். இனி மார்ச் 20. என் கணவருக்குக் கோபம். ஃபெக்டரியில் லீவு கேட்டு வாங்கியது வீண், இனி மறுபடியும் கெஞ்ச வேண்டும். அவருடைய அம்மா, என் மாமிக்கோ நிம்மதி. கொஞ்ச நாள் கழியட்டும் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 15, சனி

இன்று அவனிடம் சொன்னேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை: டவுனுக்குப் போகிறோம் என்று சொல், ஐஸ்கிறீம் வாங்கப் போகிறோம் என்று சொல். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் நாள் முழுவதும் சிறுபிள்ளைகளோடு இருப்பவள் நான். ஊசி போடும் நாளில் ஐஸ்கிறீம் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட பிள்ளை, பிறகு நிஜமாகவே ஐஸ்கிறீம் வாங்கப் போனாலும் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அழும்.

அவனுடைய கரடிப் பொம்மையின் தொடை இடுக்குக்குச் சற்று மேலே பேனாவால் சிறிய கோடு போட்டுக் காட்டினேன். இங்கே வெட்டுவார்கள், உள்ளே இருக்கும் சின்னப் பையை முடிச்சுப் போட்டுத் தைப்பார்கள், அப்போது உனக்கு ஒன்றும் தெரியாது, தூங்கிக்கொண்டிருப்பாய் என்றேன். அவன் கரடியைக் கீழே வைத்தான்.

"தாத்தா மாதிரியா?"

போன வருடம் மாமனார் இறந்தபோது, தாத்தா தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் அவனிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கு நா எழவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னேன்: தாத்தா தூங்கவில்லை, இறந்துபோனார். இது மருந்து கொடுத்து வரவைக்கும் தூக்கம். மருந்தை நிறுத்தினால் விழிப்பு வந்துவிடும். நீ எப்படி மூச்சு விடுகிறாய் என்று பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டர் தலைமாட்டில் இருப்பார், வேறு வேலைக்கு எழுந்து போகமாட்டார். "மூத்திரம் கழிக்கக்கூடப் போகமாட்டாரா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மயக்க மருந்து முகமூடிக்குப் பழகட்டும் என்று மாலையில் பிளாஸ்டிக் கோப்பையை மூக்கில் கவிழ்த்து, பலூன் ஊதுவதுபோல் மூச்சு விட்டுப் பழகினோம். மாமிக்கும் ஒரு முறை கவிழ்த்தான்.

மார்ச் 16, ஞாயிறு

அரைஞாண் கயிறு. கிளினிக்கிலேயே சொல்லிவிட்டார்கள், இடுப்பில் கயிறோ தாயத்தோ இருக்கக்கூடாது என்று. வெட்டும் இடம் அதற்குச் சற்றுக் கீழேதான். மாமி கேட்பதாக இல்லை. கடைசியில் பிள்ளையார் படத்தின் முன்னால் அவரே கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார். தாயத்தைச் சுருட்டித் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். கறுப்புக் கயிறு இருந்த இடத்தில் வெளிறிய கோடு ஒன்று இடுப்பைச் சுற்றி ஓடுகிறது.

மார்ச் 19, புதன்

கம்பளையில் அக்கா வீடு. ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி என்று பஸ்ஸில் இறங்கி வந்தோம். அதிகாலையில் பொகவந்தலாவையிலிருந்து கிளம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேரமுடியாது. நாளை இரவும் இங்கேதான். இரத்தம் கசிந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ பேராதனை பக்கம், மயக்கம் தெளிந்த பிள்ளையை அந்த வளைவுகளில் ஏற்றவும் எனக்கு மனமில்லை.

இரவு 2 மணிக்குப் பிறகு சோறு, ரொட்டி, பால் கலந்த தேநீர் எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் காலை 6 மணி வரை. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடுமாம். ஒரு பிஸ்கட்டில் என்ன வந்துவிடும் என்று அக்கா கேட்டதால், பிஸ்கட் டப்பாவையே அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

முதலில் ஒரு கைக்குழந்தை, அடுத்தது இவன். முன்பற்களில் ஒன்று ஆடுகிறது என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னேன். விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். கழன்று மூச்சுக்குழாயில் விழுந்துவிடக்கூடாதே. தியேட்டர் கதவு வரைதான் என்னை விட்டார்கள். கோப்பை விளையாட்டு எனக்குத் தெரியும் என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் அவனே சொல்லிக்கொண்டு போனான்.

எழுந்ததும் அவன் போட்ட கூச்சல்! கால்களை உதைத்தான், என்னையே யாரென்று தெரியாதவன்போல் தள்ளினான். சில பிள்ளைகள் இப்படி எழுவார்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கும் என்று மிஸ்ஸி முன்பே சொல்லியிருக்காவிட்டால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். அடங்கியது. தண்ணீர் குடித்தான், சிறுநீர் கழித்தான், பிறகு வீட்டுக்குப் போகத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம். செலவெல்லாம் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும்தான்.

மார்ச் 22, சனி

நேற்று வீட்டுக்கு வந்தோம். பாராசிட்டமோல் பாணியை எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தந்திருக்கிறார்கள். அவன் எடையைக் கேட்காமலேயே ஒரு மேசைக்கரண்டி கொடு என்று சொல்லும் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவை என்ன செய்வது? தையல் தானாகவே கரைந்துவிடும். ஓட்டமும் பந்தும் இரண்டு வாரத்துக்கு இல்லை என்றதற்கு மட்டும் அழுதான்.

மாமி புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறார். காயம் ஆறும்வரை இடுப்பில் எதுவும் கட்டவேண்டாம் என்றேன். அப்படியானால் கையில் கட்டலாமா என்று கேட்டார். கட்டட்டும்.