அப்பாவின் வலது கண்

செப்டம்பர் 4
அப்பாவுக்குக் கிளாக்கோமா; கண்ணுக்குள் நீரழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். ஆடியில் ஆரம்பித்த சொட்டு மருந்துக்கும் அப்பாவின் வலது கண் பிரஷர் அடங்கவில்லை. இன்று 26. சாதாரணமாக 21 வரை இருக்கலாம். அப்பாவுக்கு நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருப்பதால் இன்னும் நன்றாக இறக்க வேண்டுமாம். டிமோலால் சொட்டு மருந்து போடலாம் என்றால் மூச்சிழுப்பு இருப்பவருக்கு அது ஆகாது. புரையும் முற்றிவிட்டது. இரண்டையும் ஒரே ஆபரேஷனில் செய்துவிடலாம் என்றார் தஞ்சாவூர் டாக்டர்.

"பழையபடி தெரியுமா சார்?" என்று கேட்டார் அப்பா. புரை மறைத்தது திரும்பும், நரம்பில் போனது திரும்பாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதற்காகவே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

செப்டம்பர் 9
நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் மரப்பு ஊசி. புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அப்புறம் மேலிமைக்கு அடியில், வெள்ளை விழியில் பாதிக் கனத்துக்கு மூடி போல வெட்டி, அதன் கீழே சின்னத் துளை. உள்ளே தேங்கும் நீர் அந்த வழியாகக் கசிந்து வெளியேறும். டிராபெகுலெக்டமி என்று பெயர். 1968இல் கெய்ர்ன்ஸ் என்ற கண் டாக்டர் விவரித்த முறைதான் இன்றைக்கும் அடிப்படை. அப்பாவுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "வடிகால் வெட்டிருக்காங்க" என்றார்.

ஆனால் உடம்பு எந்தக் காயத்தையும் மூடத்தான் பார்க்கும். இங்கே தழும்பு கட்டினால் வழி அடைபட்டுவிடும். அதைத் தடுக்க மைட்டோமைசின் மருந்தைச் சிறிது நேரம் அங்கே படவிட்டுக் கழுவினார்களாம்.

செப்டம்பர் 10
கட்டுப் பிரித்தாயிற்று. மங்கல். பிரஷர் 12.

செப்டம்பர் 19
பிரஷர் 22 ஆகிவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டர் பதறாமல் அந்த மூடியைப் பிடித்திருந்த தையல்களில் ஒன்றை மட்டும் லேசரால் அறுத்துவிட்டார்; 14க்கு இறங்கியது. மேலிமையைத் தூக்கி எனக்கும் காட்டினார்: வெளிறிய சிறு கொப்புளம், நீர் சேரும் இடம். அதில் கிருமி தொற்றினால் ஆபத்து. சிவந்தாலோ வலித்தாலோ, எத்தனை வருஷம் கழித்தானாலும், அன்றைக்கே ஓடிவர வேண்டும்.

குறுவை அறுவடை நடக்கிறது. மெஷின் கிளப்பும் தூசியில் அப்பாவை விட முடியுமா? வரப்புப் பக்கமே போகாதீர்கள் என்றேன். கோபம்தான். மூட்டை தூக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, வாய்க்கால் குளியலும் கிடையாது.

அக்டோபர் 24
புதுக் கண்ணாடியில் நெல் விலைச் செய்தியைத் தானே படித்தார். இடது கண்ணை மூடினால் மட்டும் மூக்குப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அது அப்படியேதான் இருக்குமாம்.

கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். "எனக்கென்ன, நல்லாத்தானே தெரியுது" என்கிறார் சித்தப்பா. அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்; எனக்கும் பார்க்க வேண்டும்.