ஜார்ஜியாவுக்கு வீடு மாத்தியாச்சு, ஓட்டு மட்டும் வரமாட்டேன்னுச்சு

2024 ஜூலைல கலிஃபோர்னியாவுலேந்து ஜார்ஜியா ஸ்டேட்ல இருக்கற அட்லாண்டா பக்கம் திரும்பி வந்தோம், வந்ததுலேந்து வாட்ஸப் குரூப்ல ஒரே அமெரிக்க அதிபர் தேர்தல் ஓட்டுக் கணக்குதான். கலிஃபோர்னியால 2020 தேர்தல்ல ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் 50 லட்சத்துக்கும் மேல, அங்க நாம போட்டாலும் ஒண்ணு போடலைன்னாலும் ஒண்ணு. ஜார்ஜியால வெறும் 11,779, அதுல ஸ்டேட்டோட 16 எலக்டோரல் ஓட்டும் (அதிபர் யாருன்னு முடிவு பண்றது அந்த ஓட்டுதான்) ஒரு பக்கம் போச்சு. வெளி ஸ்டேட்லேந்து வர்றவங்களே இதைப் புரட்டிடலாம்னு ஒருத்தர் எக்செல் ஷீட்டே போட்டுட்டார். (அவர் இன்னும் கிரீன் கார்டு, சிட்டிசன் இல்ல, ஓட்டே கிடையாது, அது வேற கதை.)

சரி, முதல்ல ஓட்டைப் பதிவு பண்ணிடுவோம்னு ஆன்லைன்ல உக்காந்தேன். ஜார்ஜியா டிரைவிங் லைசன்ஸ் நம்பர் கேட்டுச்சு. நான் 2011லேந்து 2016 வரைக்கும் ஹெச்1பி வேலை விசால இங்கதான் குப்பை கொட்டினேன், பழைய லைசன்ஸ் டிராயர்ல கிடந்துச்சு, அந்த நம்பரைத் தட்டிவிட்டேன். பண்ணின முட்டாள்தனமே அதுதான்.

செப்டம்பர்ல ஒரு லெட்டர் வந்துச்சு, உங்க குடியுரிமையை உறுதி செய்ய முடியல, பதிவு பெண்டிங்னு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. விஷயம் என்னன்னா, நாம குடுக்கற லைசன்ஸ் நம்பரை லைசன்ஸ் ஆபீஸ் ரெக்கார்டோட ஒப்பிட்டுப் பாக்கறாங்க, அந்த ரெக்கார்டுல நான் இன்னமும் 'லிமிடெட் டெர்ம்' ஆளாவே, அதாவது விசால வந்த வெளிநாட்டுக்காரனாவே இருக்கேன். 2022-ல சிட்டிசன் ஆனதை யாரும் அவங்களுக்குப் போய்ச் சொல்லல, நாமதான் சொல்லணும். பேர் எழுத்து பொருந்தலைன்னா 2019-க்கு அப்பறம் அவ்ளோ பிரச்சினை இல்ல, ஆனா குடியுரிமை பொருந்தலைன்னா பெண்டிங்லயே தொங்கும், 26 மாசத்துக்குள்ள சரிபண்ணலைன்னா பதிவே ரத்து.

லெட்டரைத் தூக்கிட்டு கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ் போனா, என் கலிஃபோர்னியா ரியல் ஐடி லைசன்ஸ் செல்லாதுன்னுட்டாங்க. அது குடியுரிமைக்கு ஆதாரம் இல்லதான், ஆனா அதைச் சொன்ன தோரணை இருக்கே! பாஸ்போர்ட் எந்த அட்டைப்பெட்டியில இருக்குன்னே தெரியல, அதனால ரெண்டாவது தடவை சிட்டிசன் ஆனப்போ குடுத்த நேச்சுரலைசேஷன் சர்ட்டிபிகேட்டைக் கொண்டு போனேன். காப்பி வேணும்னாங்க. அதுலயோ அனுமதியில்லாம காப்பி எடுத்தா குத்தம்னு அச்சடிச்சிருக்கான், நான் பயந்து தயங்க, கவுன்டர்ல இருந்தவங்க என்னை ஏதோ திருடனைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. முறையான வேலைக்குக் காப்பி எடுக்கலாம்னு வீட்டுக்கு வந்து தேடினப்பறம்தான் தெரிஞ்சுது. ரெண்டு லீவு நாள் காலி.

மறுநாள் ராத்திரி பிரஷர் குக்கர் பெட்டியில பாஸ்போர்ட் கிடைச்சுது. லைசன்ஸ் ஆபீஸ் வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சுது, அப்படியே கவுண்ட்டி ஆபீஸ்லயும் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அந்த வருஷம் பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 7, அதுக்கு நாலு நாள் முன்னாடி வெப்சைட்ல 'ஆக்டிவ்'னு வந்துச்சு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டேன்.

என் வீட்டுக்காரம்மா? இதுக்கு முன்னாடி ஜார்ஜியா பக்கமே வந்ததில்ல, பழைய ரெக்கார்டு கிடையாது. நேரா பாஸ்போர்ட்டோட லைசன்ஸ் வாங்கப் போனாங்க, ஓட்டுப் பதிவும் அதுலயே தானா ஆயிடுச்சு. "அஞ்சு வருஷம் இருந்த ஊர்னு பீத்திக்கிட்டீங்களே"ன்னு இன்னிவரைக்கும் நக்கல்.

அதனால முன்னாடி ஹெச்1பில இங்க இருந்துட்டுப் போனவங்க, லைசன்ஸை முதல்ல புதுப்பிச்சுட்டு அப்பறமா ஓட்டுக்குப் போங்க. பாஸ்போர்ட்டை டிரக்ல ஏத்தாதீங்க, கைப்பையில வெச்சுக்கோங்க. பழைய ஸ்டேட்ல பேரை நீக்கச் சொல்லி நீங்களே எழுதிப் போடுங்க, ரெண்டு இடத்துல ஓட்டுப் போட்டா கிரிமினல் கேஸ்.

நான் அப்படி எழுதிப் போட மறந்துட்டேன். அக்டோபர் ரெண்டாவது வாரம் பழைய ரூம்மேட் ஃபோன் பண்றான், "மச்சி, உன் கலிஃபோர்னியா ஓட்டுச்சீட்டு இங்க வீடு தேடி வந்திருக்குடா, என்ன பண்ண?" ஒரு பேப்பர் கேக்கல, ஒரு கவுன்டர்ல நிக்கல, தானா வந்து நிக்குது.