உட்சுனோமியாவில் ஒரு தட்டு கியோசா

டோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய ஜப்பானிய நகரமான உட்சுனோமியாவில், பத்துப் பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறிய கடையில் நேற்று மதியம் பூரணம் வைத்த கொழுக்கட்டை போன்ற கியோசாவும், நூடுல்ஸ் சூப்பான ராமெனும் சாப்பிட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியப் படைவீரர்கள் கொண்டுவந்த பண்டம் கியோசா என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். சீனாவில் பெரும்பாலும் நீரில் வேகவைத்து உண்ணப்படுவது, ஜப்பானில் தோசைக்கல் போன்ற கல்லில் பொரிக்கும் பண்டமாக வேரூன்றிவிட்டது.

சமையல்காரர் என் கண்ணெதிரிலேயே செய்தார். முட்டைக்கோஸும் பன்றிக்கறிக் கொத்தும் பூண்டும் வைத்து, சோமாசியைப் போல ஓரம் மடித்த கியோசாக்களைச் சூடான கல்லில் வரிசையாக அடுக்கி, அடிப்பக்கம் லேசாகச் சிவந்ததும் சிறிது நீர் ஊற்றிச் சட்டென்று மூடினார். உள்ளே எழுந்த இரைச்சல் அடங்கி, மெல்லிய பொரியும் ஓசையாக மாறிய பிறகுதான் மூடியைத் திறந்தார்; அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, காதைத்தான் நம்பினார். அடியில் மொறுமொறுப்பு, மேலே துணிபோன்ற மென்மை. சோயா சாஸ், வினிகர், ராயூ என்னும் மிளகாய் எண்ணெய் மூன்றையும் நாமே கலந்து தொட்டுக்கொள்ள வேண்டும். வினிகர் சற்றுக் கூடுதலாக இருப்பதே எனக்குப் பிடித்திருந்தது.

ராமெனும் நன்றாகவே இருந்தது. நூடுல்ஸ் மாவில் கான்சுய் என்னும் காரத்தன்மை (alkaline) கொண்ட நீர் சேர்ப்பதால்தான் அந்த மஞ்சள் நிறமும் இழுவையும் வருகின்றன. ஆனாலும் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது கியோசாவைத்தான்.