பல்லி மார்க் கத்தி

தாத்தா பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்த நீளக் கத்தி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கணியம்பாடிப் பக்கம் இதெல்லாம் அதிசயமில்லை. பக்கத்துக் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். எங்கள் கத்தியின் விசேஷம், பிடிக்கு மேலே இருக்கும் முத்திரை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பி, ஒரு வாலும் சில கால்களும்தான் மிச்சம் தெரியும்.

பெரியம்மா அதைப் பல்லி என்று முடிவு செய்துவிட்டார். மேலே பல்லி விழுந்தால் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் போய்த் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடவேண்டும். எங்கள் தெருவுக்கு அந்த பஸ் காசு மிச்சம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கத்தியைத் தொட்டுவிட்டு, கையோடு காபியும் குடித்துவிட்டுப் போவார்கள்.

மாமா கட்சி வேறு. 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை வெட்டிய கத்தியாம். பர்மா என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவார். பல்லிக்குக் கீழே இருந்த மூன்று கோடு, பெரியப்பாவுக்குத் தலைகீழ் நாமம், சித்தப்பாவுக்கு வேல்.

போன பூஜைக்கு மண்ணெண்ணெய் ஊற்றி நன்றாகத் தேய்த்தேன். மார்ட்டின்டேல், பர்மிங்ஹாம், 1942 என்று எழுத்து எழுந்து வந்தது. பல்லி, முதலையாகிவிட்டது! 1874-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் மார்க்கே முதலைதான். கரும்பு வெட்ட, காடு திருத்த என்று பல தேசங்களுக்குக் கத்தி அனுப்பியவர்கள். யுத்தத்தில் பட்டாளத்துக்கும் செய்து கொடுத்தார்கள்.

"முதலைனா இன்னா? கஜேந்திரன் காலைப் புடிச்சதும் முதலதானே. அதுவும் பெருமாள் சமாச்சாரம்தான்" என்று பெரியம்மா ஒரே வரியில் சமாளித்துவிட்டார். மாமா 1942-ஐ உற்றுப் பார்த்து, "அது கத்தி நம்பர்டா" என்றார்.

மாட்டிக்கொண்டவர் பெரியப்பாதான். அந்த மூன்று கோடு நாமமும் இல்லை, வேலும் இல்லை. பிரிட்டிஷ் சர்க்கார் சொத்து என்று அடிக்கிற அம்பு. சர்க்காரே விற்றுக் கழித்தால், முனையோடு முனை முட்டுகிற மாதிரி இன்னொரு அம்பும் அடிப்பார்கள். எங்கள் கத்தியில் ஒன்றுதான். தாலுகா ஆபீசில் ஒரு குண்டூசிக்கும் கணக்கு எழுதி ரிடையர் ஆன மனிதர், அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கத்தியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். "எதிர்ல இதே மாதிரி இன்னொரு அம்பு அடிச்சுக் குடுக்க எவ்ளோ ஆவும்?"

பட்டறைக்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் காசுக்குப் புது அருவாளே வாங்கிக்கலாம் சார்" என்றார்.