சபையில் கேட்ட கேள்விக்குச் சபையில்தான் பதில்

ஊதியம் வாங்காமல் ஒரு கலைச்சங்கத்தின் தலைவராக இருப்பவருக்கு உள்ள பெரிய ஆபத்து, தம் உழைப்பையே கேடயமாகப் பிடித்துக்கொள்வதுதான். ‘கைக்காசு போட்டு ஓடியாடுகிறோம், நம்மைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா’ என்ற மனத்தாங்கலை நாகர்கோவில் வட்டாரத்தில் சங்கம் நடத்தும் பலரிடம் கேட்டிருக்கிறேன். எனக்குள்ளும் அது எழுவதுண்டு. ஆனால், நன்கொடை ரசீதைக் கிழித்துக் கொடுத்த அன்றே, பத்து ரூபாய் தந்தவருக்கும் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. அந்த உரிமையை மதிக்க மனமில்லாதவர் பொறுப்புக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வில்லுப்பாட்டு, கிறித்தவர்கள் கோலடித்து ஆடும் களியல், தோல்பாவைக்கூத்து ஆகிய கலைகளுக்கு மேடை அமைத்துக் கொடுப்பது எங்கள் சங்கத்தின் வேலை. எங்கள்மீது வந்த விமர்சனங்களில் மிகக் கடுமையானது பணத்தைப் பற்றியது. வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவருக்கும் உடுக்கைக்காரருக்கும் உரிய தொகை போய்ச் சேரவில்லை என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்து, வடசேரிப் பேருந்து நிலையத்தில் விநியோகித்தார்கள். பதிலுக்கு நாமும் பிரசுரம் போட வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் கொதித்தார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றும் பேச்சு வந்தது. நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. குழுவுக்குரிய தொகையை மொத்தமாக முன்பாட்டுப் பாடும் புலவரிடம், அதாவது குழுவின் தலைமைப் பாடகரிடம், கொடுப்பதும், அவர் தம் குழுவினருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் நெடுநாளைய வழக்கம் என்பதால், சங்கத்தின் வவுச்சரில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. பிரசுரத்தின் மொழி மோசமானது என்றாலும், யாருக்கு எவ்வளவு போனது என்று அது கேட்ட கேள்வி நியாயமானது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை முன்வைக்கச் சொல்கிறது. ஆனால் கேள்வி தெருவுக்கு வந்துவிட்ட பிறகு, ஆண்டுக் கூட்டம் வரும்வரை காத்திருப்பது மழுப்பலாகவே படும். எனவே வவுச்சரின் நகலை அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டு, சிறப்புக் கூட்டம் கூட்டினோம். தாம் பங்கிட்ட விவரத்தைப் புலவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார், குடம் அடித்தவரும் உடுக்கைக்காரரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அது முதல் வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று ஒவ்வொருவரும் தனித்தனியே கையெழுத்திட்டுத் தொகை பெறுகிறார்கள்.

பணத்தைப் பற்றிய கேள்விக்குக் காகிதம் பதில் சொல்லிவிடும். கலையைப் பற்றிய கேள்வி அப்படிப்பட்டதன்று. கொடை விழாவில், அதாவது நாட்டார் தெய்வக் கோயில் திருவிழாவில், சுடலைமாடன் கதையையோ இசக்கியம்மன் கதையையோ பாடும்போது, கதையின் போக்கோடு வழிபாடும் சேர்ந்தே நடக்கிறது. உரிய கட்டம் வந்ததும் சாமியாடிக்கு அருள் வருகிறது. அதே கதையை அரங்கத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாடினால் எதையாவது விடத்தான் வேண்டும். அப்படி ஒரு நிகழ்ச்சி முடிந்ததும், சுசீந்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, “தலைவரே, வாழி பாடாம கதைய எப்பிடி முடிக்கலாம்?” என்று உரக்கக் கேட்டார். வாழி என்பது கதை முடிவில் பாடும் வாழ்த்து. அரங்கமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நேரமின்மையைக் காரணம் காட்டி நானே பேசியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும் தகுதி பாடியவருக்கே உண்டு என்று தோன்றியதால், ஒலிவாங்கியைப் புலவரம்மாவிடம் கொடுத்தேன். “ஐயா சொல்லுகது சரிதான். சாமிக்கு முன்னால பாடும்போ ஒரு வரிய விடமாட்டேன். இங்க பீடமும் இல்ல, ஆடுகதுக்கு ஆளும் இல்ல. அதனால கதைய மட்டும் சொன்னேன்” என்றார் அவர். பெரியவருக்கு அது போதவில்லை, இருவரும் வெகுநேரம் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு எங்கள் பயிற்சி வகுப்பில் கிடைக்காத பாடம் அது.

கேட்பவர் குறை சொல்வதற்கு வில்லுப்பாட்டின் அமைப்பிலேயே இடம் இருக்கிறது. காப்புப் பாடி, குருவடி பாடி, கதைக்குள் நுழையும் முன் பாடகர் அவையடக்கம் பாடியாக வேண்டும். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று கூடியிருப்பவர்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறார். எத்தனை கொடைகளில் பாடிய புலவராயினும் இதை விடுவதில்லை. மேடையேறுகிறவர் இவ்வளவு பணிந்து கேட்கும்போது, மேடை போட்டுக் கொடுத்த தலைவர் விறைத்துக்கொண்டு நிற்பது அழகல்ல.

எல்லாக் குறைகூறலுக்கும் இதே மரியாதை தர முடியாது. பெண்ணை ஏன் முன்பாட்டில் உட்காரவைக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் நான் வாதாடவே இல்லை. வில்லிசைக் கலைஞர் பூங்கனி அம்மா, வில்லை அடிக்கும் வீசுகோலைப் பிடித்துப் பாடிய மாவட்டம் இது. களியலையும் வில்லுப்பாட்டையும் ஒரே மேடையில் வைத்தது மதத்தைக் கலப்பதாகும் என்று பேசியவர்கள் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் காட்டினேன். 1982-இல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறித்தவக் கலவரம் இங்குள்ள குடும்பங்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. தலைவர் கோபத்தில் விடும் ஒரு சொல், இன்ன சாதிக்கு, இன்ன மதத்துக்கு எதிரான சொல்லாக மறுநாளே ஊர் சுற்றிவிடும். அதனால் யார் பேரையும் எடுக்காமல், இரண்டு கலைகளும் இந்த மண்ணில் எப்படி ஆடப்படுகின்றன என்பதை மட்டும் எழுதி, செயற்குழு முழுவதும் கையெழுத்திட்டு வெளியிட்டோம். தனியாக என்னைத் திட்டியவற்றுக்குப் பதில் எழுதவில்லை. அவை சங்கத்தின் நேரத்துக்கு உரியவை அல்ல.

இப்போது எங்கள் அரங்க நிகழ்ச்சிகளில் கதையை எங்கே சுருக்கினாலும் வாழி பாடியே முடிக்கிறோம், அழைப்பிதழிலும் ‘கதைச் சுருக்கம்’ என்று அச்சிடுகிறோம். சுருக்குவதே தவறு என்பதில் அந்தப் பெரியவர் உறுதியாக இருக்கிறார். சுருக்கினால்தான் பள்ளிப் பிள்ளைகள் கடைசிவரை உட்கார்ந்து கேட்பார்கள் என்பது என் கருத்து. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தனிப்பொருளாக வைத்திருக்கிறோம். முதலில் பேசும்படி அவரையே கேட்டிருக்கிறேன்.